மண்ணுக்குள் மட்டும் கணக்கு ஏன் மாறுகிறது? நூற்புழு, ஸ்பிரிங்டெயில், மண்புழு பற்றி ஒரு கேள்வி

வேல்முருகன், தென்காசி

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் நடத்துகிறேன். உயிர்ப்பன்மைப் பாடம் வந்தால் ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் மூன்று எண்களை எழுதுவேன். நிலநடுக்கோட்டை ஒட்டிய கொலம்பியாவில் ஏறத்தாழ 1,400 பறவை இனங்கள், நியூயார்க்கில் 105, கிரீன்லாந்தில் 56. துருவத்தை நோக்கிப் போகப் போக உயிர்வகை குறையும் என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்கு நகர்ந்துவிடுவேன். இந்த ஆண்டு கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "மண்ணுக்குள் இருக்கிற உயிர்களுக்கும் இதே கணக்குத்தானா, ஐயா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அதன் பிறகு அந்த 'ஆமாம்' தொண்டையில் முள்ளாக நிற்கிறது. 2019-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, உலகெங்கும் எடுத்த 6,759 மண் மாதிரிகளைக் கொண்டு நூற்புழுக்களை (நூல்போல மெல்லிய, கண்ணுக்கு எளிதில் தெரியாத நெமட்டோடுகளை) எண்ணியிருக்கிறது. மேல்மண்ணில் மட்டும் 44 என்று எழுதி, பின்னால் 19 சுழியங்கள் போட வேண்டிய எண்ணிக்கை. ஆளுக்கு 5,700 கோடி நூற்புழுக்கள் என்று பங்கு வருகிறது. அவற்றில் 38 விழுக்காடு வடதுருவத்தை அடுத்த குளிர்ப்பகுதிகளில். மிதவெப்ப நாடுகளில் 24, வெப்பமண்டலத்தில் 21 விழுக்காடுதான். என் கரும்பலகைக் கணக்கு அப்படியே கவிழ்ந்து கிடக்கிறது.

அடுத்த வகுப்பில் அந்தப் பெண்ணிடம் நான் தவறாகச் சொன்னதைத் திருத்தியாக வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

நித்யா, ஊமியோ (சுவீடன்)

வேல்முருகன் ஐயா, கேட்ட மாணவிக்கு முதலில் என் பாராட்டைச் சொல்லுங்கள். நான் ஸ்பிரிங்டெயில் என்னும் சிற்றுயிரை வைத்து ஆய்வு செய்கிறேன். வால்புறத்தில் வயிற்றுக்கு அடியில் ஒரு கவை மடிந்திருக்கும். அதைத் தரையில் அடித்து எழும்பிப் பாயும். பெரும்பாலானவை எள்ளைவிடச் சிறியவை.

வடசுவீடனில் அபிஸ்கோ என்ற ஊருக்கு அருகே உள்ள தூந்திராவில், அதாவது மரம் வளராத குளிர்நிலத்தில், ஆகஸ்டு மாதத்தில் மண் எடுப்போம். ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள இரும்புக் குழாயைப் பாசிக்குள் இறக்கித் திருகினால், நனைந்த பஞ்சுபோல ஒரு துண்டு வெளியே வரும். கையில் எடுத்தால் கனமே இராது. அதைக் கம்பி வலைமேல் தலைகீழாகக் கவிழ்த்து, மேலே பல்பு எரியவிட்டு, கீழே புனலும் சாராயப் புட்டியும் வைப்போம். மண் மேலிருந்து காயக் காய, ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும் உயிர்கள் புனலில் வழுக்கிப் புட்டிக்குள் விழும். போன பருவத்தில் அப்படி ஒரே துண்டிலிருந்து 300-க்கு மேல் எண்ணினேன். பாதிக்கு மேல் ஃபோல்சோமியா குவாட்ரியோகுலாட்டா என்ற ஒரே இனம். பெயரிலேயே இருக்கிறது, தலையின் இரு பக்கமும் இரண்டிரண்டாக நான்கு புள்ளிக் கண்கள். ஆழத்தில் வாழும் இனங்களுக்கு அந்தக் கண்ணும் இல்லை, கவையும் இல்லை. உடம்பு வெள்ளை வெளேரென்று இருக்கும். மண்ணின் மேற்பரப்பில் திரிபவை கறுத்து, நீண்ட கவையோடு இருக்கும். ஒரு சாண் ஆழத்துக்குள் இரண்டு வேறு உலகங்கள்.

ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். இரண்டு கணக்குகள் இங்கே கலந்துவிட்டன. பறவைக் கணக்கு எத்தனை *வகை* என்பது. நூற்புழுக் கணக்கு எத்தனை *தலை* என்பது. 2023-இல் 2,470 இடங்களின் தரவை வைத்து ஸ்பிரிங்டெயில் பற்றி ஓர் ஆய்வு வந்தது. தூந்திராவில் ஒரு சதுர மீட்டருக்கு 20 லட்சம் வரை எண்ணியிருக்கிறார்கள். அங்குள்ள மொத்த உடல் எடை வெப்பமண்டலத்தில் இருப்பதைப்போல 20 மடங்கு. வகையைப் பார்த்தால் வெப்பமண்டலம் வளமாகத்தான் இருக்கிறது. ஆனால் சில மிதவெப்பக் காடுகளும், தூந்திராவில் சில இடங்களும்கூட அதற்கு ஈடாக நிற்கின்றன. ஆகவே தலைக்கணக்கு தலைகீழ். வகைக்கணக்கு தலைகீழ் இல்லை, பறவைகளைப்போல ஒரே சரிவாக இறங்கவும் இல்லை.

கந்தசாமி, ஒட்டன்சத்திரம்

நூற்புழு என்ற சொல்லைப் பார்த்ததும் உள்ளே வந்தேன். இரண்டு ஆண்டுகளாகத் தக்காளியில் வேர்முடிச்சு. செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் பாசிமணி கோத்ததுபோல முண்டு முண்டாக இருக்கிறது. மதிய வெயிலில் துவண்டுவிடும், மாலையில் நிமிரும், பத்து நாளில் மஞ்சளாகிவிடும். குளிர்நாட்டில் இன்னும் அதிகம் என்றால் அங்கே எப்படித்தான் வெள்ளாமை செய்கிறார்கள்?

நித்யா, ஊமியோ (சுவீடன்)

கந்தசாமி அண்ணா, நூற்புழு எல்லாமே பயிரின் எதிரி இல்லை. அதே 2019 ஆய்வு அவற்றை உணவுப்படி பிரித்திருக்கிறது. பத்தில் நான்குக்கும் மேல் பாக்டீரியாவைத் தின்பவை. செடிவேரில் வாய் வைப்பவை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி பூஞ்சை தின்பவை, கிடைத்ததைத் தின்பவை, மற்ற நூற்புழுக்களையும் சிற்றுயிர்களையும் வேட்டையாடுபவை. பாக்டீரியா தின்னும் நூற்புழு தனக்குத் தேவைக்கு மேற்பட்ட நைட்ரஜனைக் கழிவாக வெளியே விடும். செடி அதை எடுத்துக்கொள்ளும். உங்கள் வயலில் வேரை முடிச்சுப் போடுவது ஒரு கூட்டம், உங்களுக்குக் கூலி வாங்காமல் உரம் போடுவது இன்னொரு கூட்டம். இரண்டும் ஒரே பிடி மண்ணில் இருக்கின்றன.

சிவகாமி, மதுரை (ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர்)

கந்தசாமி, தக்காளிக்கு முன் செண்டுமல்லி ஒரு போகம் போட்டுப் பாருங்கள். அதன் வேரிலிருந்து வரும் பொருள் வேர்முடிச்சு நூற்புழுவுக்கு ஆகாது. வேரோடு மடக்கி உழுதுவிடுங்கள்.

நித்யா சொன்ன வகை, தலை வேறுபாடு சரி. நான் மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கிறேன்: எந்த அளவுகோலால் பார்க்கிறோம் என்பது. 2019-இலேயே மண்புழுக்களைப் பற்றி 'சயின்ஸ்' இதழில் ஓர் உலக ஆய்வு வந்தது. 57 நாடுகள், 6,928 இடங்கள். ஓர் இடத்தில் குழி வெட்டினால் எத்தனை இனம் கிடைக்கிறது என்று பார்த்தால் ஐரோப்பா போன்ற மிதவெப்ப நாடுகள் முன்னே நிற்கின்றன. உடனே வெப்பமண்டலத்தில் மண்புழு வகை குறைவு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஐரோப்பாவில் இங்கே வெட்டினாலும், 500 கிலோமீட்டர் தள்ளி வெட்டினாலும் பெரும்பாலும் அதே இனங்கள் வரும். வெப்பமண்டலத்தில் ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குப் போனாலே ஆள் மாறிவிடும். குழிக்குக் குழி எண்ணிக்கை குறைவு, எல்லாக் குழிகளையும் கூட்டினால் அதிகம். அந்த ஆய்வாளர்களே இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

இதற்கு வரலாறும் காரணம். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் நித்யா இருக்கும் ஊர் பனிப்பாளத்துக்கு அடியில் கிடந்தது. இன்று அங்கே மண்ணில் இருப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை பனி உருகிய பிறகு வந்து குடியேறியவை. எங்கும் பரவக்கூடியவைதான் வந்து சேரும், அதனால் எங்கும் அவையே இருக்கும். வட அமெரிக்காவில் பனி மூடிய பகுதிகளில் மண்புழுவே அற்றுப்போனது. இன்று அங்குள்ள காடுகளில் நெளிபவை பெரும்பாலும் ஐரோப்பியரின் செடித்தொட்டி மண்ணோடும் கப்பலோடும் போனவை. உதிர்ந்த இலை பல ஆண்டுகள் மெத்தையாகக் கிடந்த காடுகளில் இந்தப் புழுக்கள் புகுந்து தரையைத் துடைத்துவிட்டன. அந்த மெத்தையை நம்பி முளைத்த காட்டுச்செடிகள் தவிக்கின்றன. மண்புழு உழவனின் நண்பன் என்று நாற்பது ஆண்டு பாடம் நடத்திய எனக்கு இதை முதலில் படித்தபோது ஏற்கவே மனம் வரவில்லை.

நம் பக்கம் அப்படிப் பனி மூடவில்லை. பழைய குடிகள் அங்கங்கே தங்கிவிட்டன. ஜெர்மானியர் மிக்கேல்சன் 1900-இல் ஒரு மண்புழுப் பேரினத்துக்கு 'திராவிடா' என்றே பெயர் வைத்தார். தென்னிந்திய மண்ணில் அந்தப் பேரினத்தின் இனங்கள் ஏராளம். எங்கள் ஊரில் சிலர் இன்னும் நாங்கூழ் என்று சொல்கிறோமே, அந்தக் கூட்டத்தில் இவையும் உண்டு.

ஜெயராஜ், பெங்களூரு

நான் உயிரியல் படித்தவன் இல்லை. நிலவரைபடத் தரவுகளோடு வேலை செய்கிறேன். அந்த நூற்புழு வரைபடத்தைப் பார்த்தேன், உலகம் முழுக்க வண்ணம் பூசியிருக்கிறது. ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பூசியிருக்கிறார்கள். 6,759 மாதிரிகளை வைத்துக்கொண்டு இத்தனை இடத்துக்கும் எப்படி வண்ணம் வந்தது? மண்ணின் தன்மை, மழை, வெப்பம் ஆகியவற்றைக் கணினிக்குக் கொடுத்து, மாதிரி எடுக்காத இடத்தையும் கணிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கணிப்பைக் குறை சொல்லவில்லை. எண்ணிய இடமும் கணித்த இடமும் ஒரே நிறத்தில் இருப்பதுதான் என்னை உறுத்துகிறது.

2020-இல் வந்த ஒரு தொகுப்பு, மண்ணுயிர் பற்றிய 17,186 மாதிரி இடங்களை எடுத்துப் பார்த்தது. மிதவெப்ப நாடுகள் நிறைந்து வழிகின்றன. வெப்பமண்டலத்தில் பெரிய பெரிய ஓட்டைகள். மண்வெட்டி போகாத இடத்தில் வகை குறைவு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இன்னொன்று. நூற்புழுவை 100 கிராம் உலர்ந்த மண்ணுக்கு இத்தனை என்று எண்ணுகிறார்கள். நித்யாவே சொல்கிறார், தூந்திரா மண் பஞ்சுபோல இருக்கும் என்று. பஞ்சில் 100 கிராம் என்றால் ஒரு கூடை. களிமண்ணில் 100 கிராம் என்றால் ஒரு உருண்டை. கூடையையும் உருண்டையையும் ஒப்பிட்டால் கூடைதானே வெல்லும்?

நித்யா, ஊமியோ (சுவீடன்)

ஜெயராஜ், கூடையும் உருண்டையும் நல்ல கேள்வி. எங்கள் துறையில் புதிதாக வருபவர்கள் சறுக்கும் இடமும் அதுதான். மொத்தத் தொகை போடும்போது அந்தந்த இடத்து மண்ணின் அடர்த்தியையும் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். 38 விழுக்காடு என்பது அதற்குப் பிறகு வந்த எண். ஸ்பிரிங்டெயிலை நாங்கள் மண்ணின் எடையால் எண்ணுவதே இல்லை, சதுர மீட்டருக்கு எத்தனை என்றுதான் எண்ணுகிறோம். அங்கேயும் தூந்திராதான் முன்னே வருகிறது. வேறு விலங்கு, வேறு அளவை, வேறு ஆட்கள்; இருந்தும் ஒரே திசை. அதனால் தலைக்கணக்கை நான் நம்புகிறேன்.

வகைக்கணக்கில் நீங்கள் சொல்வதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். அந்த 2023 ஆய்வின் 2,470 இடங்களிலும் வெப்பமண்டலத்தின் பங்கு சிறியது. அங்கே கிடைத்ததிலும் பெயரே இல்லாதவை பல. 'இனம் 1, இனம் 2' என்றுதான் எழுதி வைக்கிறோம். மழைக்காட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. மரக்கிளைக் கவட்டையில் சேரும் மக்கில், தரையிலிருந்து முப்பது மீட்டர் உயரத்தில்கூட ஸ்பிரிங்டெயில் வாழும். தரையை மட்டும் தோண்டுகிறவர் அவற்றைப் பார்ப்பதே இல்லை.

வேல்முருகன், தென்காசி

எல்லாருக்கும் நன்றி. ஆனால் காரணம் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. ஆண்டில் எட்டு மாதம் உறைந்து கிடக்கும் மண்ணில் எப்படி இவ்வளவு கூட்டம்? அவை தின்ன என்ன இருக்கிறது?

நித்யா, ஊமியோ (சுவீடன்)

ஐயா, உறைந்து கிடப்பதால்தான் தீனி இருக்கிறது. குளிரில் மக்குவது மெதுவாக நடக்கும். ஒவ்வொரு கோடையிலும் வளரும் பாசியும் புல்லும் முழுக்க மக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, பீட் மண்ணாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடக்கிறது. மண் பரிசோதனை அட்டையில் 'அங்ககக் கரிமம்' என்று ஒரு வரி வருமே, நூற்புழு எண்ணிக்கையோடு மிக நெருங்கி நடப்பது அந்த எண்தான். வெப்பமண்டலத்தில் விழுந்த இலையைக் கரையானும் எறும்பும் மரவட்டையும் பூஞ்சையும் பங்கு போட்டுச் சில மாதங்களில் தீர்த்துவிடுகின்றன.

இது பாதிக் காரணம். மீதிப் பாதியை உங்கள் மாணவிக்குக் கட்டாயம் சொல்லுங்கள். இவை தம் உடம்பைத் தாமே சூடாக வைத்துக்கொள்ளாத உயிர்கள். மண் எவ்வளவு சூடோ உடம்பும் அவ்வளவு சூடு. சூடு ஏற ஏற ஒவ்வோர் உயிரும் எரிக்கும் ஆற்றல் கூடும். ஒரே அளவு உலை அரிசி. குளிர்வீட்டில் ஆளுக்கு ஒரு பிடி போதும், அதனால் பந்தியில் பலர் உட்காரலாம். வெயில்வீட்டில் ஆளுக்குப் பல பிடி வேண்டும், சிலர்தான் உட்கார முடியும். தீரும் அரிசி இரண்டு வீட்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. 2023 ஆய்வு இதைத்தான் காட்டியது: தூந்திராவுக்கும் வெப்பமண்டலத்துக்கும் உடல் எடையில் 20 மடங்கு வேறுபாடு இருந்தும், அந்த ஸ்பிரிங்டெயில் கூட்டம் முழுவதும் செலவழிக்கும் ஆற்றல் இரண்டிடத்திலும் ஏறக்குறைய சமம். எங்கள் ஆய்வகத்தில் இதை முதலில் படித்த அன்று யாரும் மதிய உணவுக்கு எழுந்திருக்கவில்லை.

ஜெயராஜ், பெங்களூரு

பந்தி விளக்கம் எனக்குப் புரிந்துவிட்டது. அப்படியானால் இன்னும் குளிரான அன்டார்க்டிகாவில் இன்னும் கூட்டம் இருக்க வேண்டுமே?

சிவகாமி, மதுரை

அரிசியே இல்லாத வீட்டில் பந்தி ஏது, தம்பி? அன்டார்க்டிகாவின் உலர் பள்ளத்தாக்குகளில் செடி கிடையாது, மழை கிடையாது, உப்பேறிய சரளைமண். டயானா வால் என்ற அமெரிக்க அறிவியலாளர் அங்கே போய்ப் பல பருவங்கள் மண்ணைச் சலித்தார். அவர் பெயரில் ஒரு பள்ளத்தாக்கே அங்கே இருக்கிறது. அந்த மண்ணில் முதன்மையான விலங்கு என்று சொல்லத்தக்கது ஸ்காட்னீமா என்ற நூற்புழு. ஈரம் போனால் உடம்பைச் சுருட்டிக்கொண்டு, உயிர் ஓட்டத்தையே நிறுத்தி வைத்துவிடும். காற்றடித்தால் தூசியோடு பறக்கும். ஈரம் பட்டால் மறுபடி நெளியும். சில குழிகளில் அந்த ஒரே இனம்தான், வேறு எதுவும் இல்லை.

சைபீரியாவின் நிலையுறைபனியிலிருந்து (ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் மண்ணிலிருந்து) எடுத்த நூற்புழு ஒன்று ஆய்வகத்தில் உயிர்பெற்று முட்டையிட்டது. பனக்ரோலைமஸ் கோலிமாயென்சிஸ் என்று 2023-இல் பெயரிட்டார்கள். அது உறைந்து ஏறத்தாழ 46,000 ஆண்டுகள். நம் முன்னோர் குகைச்சுவரில் படம் எழுதிய காலத்தில் தூங்கப்போன புழு. இப்படிப் பறக்கவும் உறங்கவும் தெரிந்தவை உலகெங்கும் பரவியிருக்கும் என்றுதான் நெடுங்காலம் நம்பினோம். மரபணுவைப் படிக்கத் தொடங்கிய பிறகு, பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்த ஓர் இனத்துக்குள் பல இனங்கள் ஒளிந்திருப்பது தெரிய வருகிறது. வகைக்கணக்கு இன்னும் எத்தனை முறை மாறுமோ.

கந்தசாமி, ஒட்டன்சத்திரம்

அம்மா, செண்டுமல்லி நாற்றுக்குச் சொல்லிவிட்டேன். இந்த நூற்புழுவை வீட்டிலேயே பார்க்க முடியுமா? அந்தப் புனல் இதற்கும் உதவுமா?

சிவகாமி, மதுரை

அந்தப் பல்புப் புனல் காலுள்ளவற்றுக்கு. இத்தாலியர் பெர்லேசே 1905-இல் சுடுநீர்ச் சட்டை போட்டுச் செய்தார். சுவீடன்காரர் துல்கிரென் சூட்டுக்குப் பல்பு வைத்தார். நூற்புழுவுக்கு வேறு புனல். 1917-இல் ஜாவாவில் பேர்மன் என்பவர், மண்ணில் கொக்கிப்புழுக் குஞ்சுகளைத் தேடுவதற்காகச் செய்தது. புனலின் அடியில் ரப்பர்க் குழாயை மாட்டி இறுக்கிக் கிளிப் போடுங்கள். புனலில் தண்ணீர் நிரப்பி, ஒரு பிடி மண்ணை மெல்லிய துணியில் கட்டி, பாதி நனையும்படி வையுங்கள். நூற்புழுவுக்கு நீந்தி மேலேறத் தெரியாது. நெளிந்து துணியைத் தாண்டி வந்தால் அடியில் போய்ச் சேரும். மறுநாள் காலையில் கிளிப்பைத் தளர்த்தி இரண்டு சொட்டுப் பிடித்து, பள்ளிக்கூட நுண்ணோக்கியில் வையுங்கள். வேல்முருகன் உதவுவார்.

வேல்முருகன், தென்காசி

கந்தசாமி அண்ணன் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

நேற்று வகுப்பில் என் தவறைச் சொன்னேன். பிறகு பள்ளி வளாகத்து வேப்பமரத்தடிச் சருகையும் மண்ணையும் எடுத்து, பிளாஸ்டிக் பாட்டிலைக் குறுக்கே வெட்டிப் புனலாக்கி, மேசைவிளக்கின் அடியில் வைத்தோம். இன்று காலை புட்டியில் எண்ணிப் பார்த்ததில் ஸ்பிரிங்டெயில் என்று உறுதியாகச் சொல்லத்தக்கவை பதினொன்று. மிளகு உடைத்ததுபோல உருண்டையான, பளபளப்பான மைட்டுகள் (உண்ணிக்கு உறவான சிற்றுயிர்கள்) அதைவிட அதிகம். ஒரு சின்னப் பூரான். கேள்வி கேட்ட மாணவி ஒரு மைட்டின் காலை எண்ணிவிட்டு, "எட்டு இருக்கிறது ஐயா, தம்பலப்பூச்சிக்கும் எட்டுத்தானே?" என்றாள். முதல் மழைக்கு வயல்வரப்பில் வரும் அந்தச் சிவப்பு வெல்வெட் பூச்சி, சங்கப் பாட்டில் மூதாய் என்று வருவது, அதுவும் மைட் இனம்தான் என்று அவளிடமிருந்துதான் எனக்கே நினைவு வந்தது.

புட்டியைப் பாதுகாத்து வைக்க ஆசைப்படுகிறார்கள். என்ன செய்ய வேண்டும்?

நித்யா, ஊமியோ (சுவீடன்)

ஐயா, 70 விழுக்காடு எத்தில் ஆல்கஹாலில் போட்டு இறுக மூடுங்கள். ஆய்வகத்தில் நாங்கள் சாராயப் புட்டி வைத்தாலும், பள்ளியில் விளக்கு எரியும்போது ஆல்கஹாலைத் திறந்து வைக்காதீர்கள். உயிர்கள் இறங்கும்வரை அடியில் ஈரத்தாள் போதும்.

மற்றொன்று, இதை மாணவர்களையே செய்யச் சொல்லுங்கள். ஒரு சிறு தாளில் பென்சிலால் எழுதிப் புட்டியின் *உள்ளே* போட வேண்டும். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும், வெளியே ஒட்டிய சீட்டு உதிர்ந்துவிடும். ஊர், இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, எந்த மரத்தடி, எவ்வளவு ஆழம், மண்ணின் பரப்பளவு, எடுத்தவர் பெயர். ஜெயராஜ் சொன்ன அந்த ஓட்டைகளில் தென்காசியும் இருக்கிறது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது நுண்ணோக்கியோடு உங்கள் பள்ளிக்கு வருகிறேன். அதுவரை மாதம் ஒருமுறை அதே மரத்தடியில் எடுத்து வையுங்கள், மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று தவறாமல்.